மரத்த கை

மூன்றரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பத்துகாணிச் சரிவில் ஏறுகிறேன்.
இன்றைக்கு மேல்தட்டு, முந்நூறு மரம்.
ஓடைக்கு அப்பால் கேரளம்.
அங்கேயும் ஒரு விளக்கு
மரத்துக்கு மரம் நின்று நின்று நகர்கிறது.
அம்பூரி லில்லிக்குட்டி அது.
பகலில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

ஒரு மரத்துக்குப் பத்து இழுப்பு.
மணிக்கட்டை மடக்கி,
பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவி.
ஆழம் போனால் மரத்துக்குக் காயம்,
போகாவிட்டால் சிரட்டைக்குப் பாலில்லை.
முந்நூறைப் பத்தால் பெருக்கத் தெரியாதவளில்லை நான்.
பெருக்கவில்லை, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி
கை என்னை எழுப்பியது.
பெருவிரல், அடுத்தது, நடுவிரல்
மூன்றிலும் எறும்பு.
உதறினேன். தலையணைக்கடியில் வைத்தேன்.
கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டேன்.
விடிந்ததும் டீத்தூள் டப்பா மூடி திறக்கவில்லை.
ஞானதாஸிடம் நீட்டினேன்.
“கைக்கு என்னவாக்கும்?”
“மரத்துப்போச்சு.”
சொன்ன பிறகுதான் அந்தச் சொல்
பல்லில் மாட்டிய நார் போல உறுத்தியது.
மரத்துப்போச்சு.
மரமாய்ப் போச்சு.
மரத்துக்கே போச்சு.

குலசேகரத்து ஆசுபத்திரியில்
“கையை ஒரு மாசம் சும்மா வையுங்க” என்றாள் ஒருத்தி.
அடுப்பும் கூடவே சும்மா இருக்கும் என்று
அவளிடம் சொல்லவில்லை.

மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கத்தி.
இன்று மேல்தட்டு, நாளை ஓடைக்கரை.
ஒருபக்கப் பட்டை தீர்ந்தால்
மறுபக்கம் குறித்து,
வெட்டிய பக்கத்தை ஆற விடுவார்கள், வருஷக்கணக்கில்.
மழைக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிடுவார்கள்.
இலை உதிரும் காலத்தில் லீவு.
மரத்துக்கு இத்தனை சட்டம் போட்டவர்கள்
கையைப் பற்றி ஒருவரி எழுதவில்லை.

நானே போட்டுக்கொண்டேன்.
இருபது மரத்துக்கு ஒருமுறை
கத்தி கூடைக்குள்.
பத்து விரலையும் விரித்து, மூடி, விரித்து,
தோளைப் பின்னால் உருட்டி,
குனிந்த முதுகை வானத்துக்குக் காட்டி நிமிர்வேன்.
மரத்தைக் கால் சுற்றட்டும், மணிக்கட்டு சுற்ற வேண்டாம்.
தாழ்ந்த வெட்டுக்கு மடங்க வேண்டியது முட்டி.
மழுங்கிய கத்தி பிடியை இறுக்கும்,
அதனால் தினமும் சாணை.
கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினேன்,
விரல்கள் நெரிக்காமல் பிடிக்கின்றன இப்போது.

பிறகு இடக்கை.
பீச்சாங்கை என்று பேர் வைத்து
நாற்பத்தியொரு வருஷம் வேடிக்கை பார்க்க விட்டிருந்தேன்.
ஒட்டுப்பால் உரிக்க, சிரட்டை துடைக்க,
திரும்பும்போது வாளி தூக்க
அதைக் கூப்பிட்டேன்.
முதல் வாரம் பாதிப் பாலை
என் காலில்தான் ஊற்றியது.

என் விளக்கு அடிக்கடி நின்று ஆடுவதைக் கண்டு
அக்கரையிலிருந்து ஒரு கூவல்:
“எந்தா சேச்சி, பாம்பாணோ?”
“பாம்பில்லடி, கை!”
அவளுக்குப் புரிந்ததோ என்னவோ.
நாலைந்து நாள் கழித்து
அந்த விளக்கும் நின்றது,
இருபதுக்கு அல்ல, தனக்குத் தோன்றிய இடத்தில்.
நின்று, கோழி சிறகடிப்பது போல
இரண்டு பக்கமும் ஆடியது.
இருட்டில் தனியே சிரித்தேன்.

“பதினைந்து நிமிஷம் பிந்துது” என்றார்
மேஸ்திரி ராபின்சன்.
இப்போது மூன்றேகாலுக்கே ஏறுகிறேன்.
அந்தக் கால்மணி தூக்கத்திலிருந்து எடுத்தது,
யாரும் கூலி சேர்த்துத் தரவில்லை.
எறும்புகள் முழுசாய்ப் போய்விட்டன என்றும் சொல்ல மாட்டேன்.
வாரத்துக்கு ஒருதரம் வந்து
விசாரித்துவிட்டுப் போகின்றன.

இன்று காலை டப்பாவை வலக்கை பிடித்துக்கொள்ள
இடக்கை மூடியைத் திருகியது.
திறந்தது.
உள்ளே டீத்தூள் தீர்ந்திருந்தது.